உழுதவனும் கணக்குப் பார்க்க வேண்டும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. சலிப்பில் பிறந்த சொல் அது. நாளடைவில் அதுவே கணக்கு எழுதாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. எப்படியும் மிஞ்சப் போவதில்லை, நோட்டு எதற்கு, பேனா எதற்கு என்று இருந்துவிடுகிறவர்கள் பலர். தனி விவசாயி ஒருவர் இப்படி இருந்தால் நஷ்டம் அவர் குடும்பத்தோடு நிற்கும். முந்நூறு பேர் பணம் போட்டு நடத்தும் ஒரு கம்பெனி இப்படி இருந்தால் முந்நூறு குடும்பங்களின் பணம் போகும். பணத்தோடு, இனி சேர்ந்து எதையும் செய்யலாம் என்ற நம்பிக்கையும் போகும். பணம் திரும்பி வரலாம். நம்பிக்கை ஒரு தலைமுறைக்குத் திரும்பி வராது.

தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேருக்கு மேல் 5 ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகள்தாம். வாங்கும்போது சில்லறை விலை, விற்கும்போது மண்டிக்காரர் சொன்ன விலை என்பதே இவர்கள் நிலைமை. இவர்கள் சேர்ந்து வாங்கவும் சேர்ந்து விற்கவும் சொந்தமாகக் கம்பெனி தொடங்க 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை ஏற்படுத்தும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கியது. அத்திட்டத்தின்படி சமவெளிப் பகுதியில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 3 ஆண்டுகளுக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் கிடைக்கும். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரையிலும், மொத்தத்தில் 15 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமலும் அரசு தருகிறது.

நல்ல உதவிதான். ஆனால் மூன்று ஆண்டுகள் ஓடிப் போக எவ்வளவு நேரம்? நாலாம் ஆண்டில் மானேஜர் சம்பளத்தையும் கிடங்கு வாடகையையும் கம்பெனி தன் வியாபாரத்திலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் நிர்வாகத்தின் உண்மையான பலம் தெரியவரும்.

இத்தகைய கம்பெனி தள்ளாடும் இடங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. டைரக்டர்கள், "விவசாயிகளிடம் ஒற்றுமை இல்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் வியாபாரியிடம் போய்விடுகிறார்கள்" என்கிறார்கள். உறுப்பினர்கள், "கம்பெனி நாலு பேருக்காக நடக்கிறது. நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். இதற்கு மருந்தாக ஊக்கமூட்டும் கூட்டம் ஒன்று போடுகிறார்கள். பேச்சாளர் வருகிறார், ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார், காப்பி கொடுக்கிறார்கள், கூட்டம் கலைகிறது. மறுநாள் சரக்கு பழையபடி மண்டிக்கே போகிறது.

ஊக்கம் மேடைப் பேச்சினால் வருவதில்லை. சரியான எடையினாலும், சொன்ன நாளில் கைக்கு வரும் பணத்தினாலும், ஒளிவு மறைவு இல்லாத கணக்கினாலுமே வருகிறது. இதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி இருக்கிறது.

ஆனந்த் காட்டிய வழி

குஜராத்தில் கேடா மாவட்டத்து விவசாயிகள் ஓரிரு எருமைகளை வைத்துப் பிழைத்தவர்கள். 1946-க்கு முன் அவர்களுடைய பாலை ஒப்பந்தக்காரர்கள் சொன்ன விலைக்கு வாங்கினார்கள். பால் போல்சன் என்ற தனியார் கம்பெனி மூலம் பம்பாய்க்குப் போனது. பம்பாயில் விலை ஏறினாலும் அந்த ஏற்றம் கிராமத்துக்கு வரவில்லை. சர்தார் படேலின் யோசனைப்படி விவசாயிகள் சொந்தச் சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். 15 நாட்கள் ஒரு சொட்டுப் பால்கூட விற்காமல் நின்றார்கள். 1946 டிசம்பரில் மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. இதுதான் பிற்காலத்தில் அமுல் என்று பெயர் பெற்றது. 1948-இல் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது இரண்டு கிராமச் சங்கங்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர்தான் வந்தது.

பதினைந்து நாள் வேலை நிறுத்தத்துக்கு ஆவேசம் போதும். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தினம் இரு வேளை பாலைச் சங்கத்துக்கே ஊற்ற ஆவேசம் போதாது. ஆனந்த் முறையில் அதற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன.

முதலாவது, உறுப்பினரின் கண்ணெதிரில் அளவு. பாலை அளந்ததோடு நிற்கவில்லை. அதில் உள்ள கொழுப்பையும் சோதித்து அதற்கேற்ற விலை கொடுத்தார்கள். அளவை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் தண்ணீர் கலந்தவருக்கே லாபம். பருத்திக் கொட்டையும் புண்ணாக்கும் வைத்துக் கெட்டியான பால் கறந்தவர் ஏமாளி ஆவார். இரண்டு மாதம் அப்படி நடந்தால் அவரும் செம்பில் தண்ணீர் எடுப்பார். யோக்கியமாக நடப்பவருக்கு நஷ்டம் வராமல் பார்த்துக் கொள்வதுதான் நிர்வாகத்தின் முதல் கடமை.

இரண்டாவது, தாமதம் இல்லாத பணம். காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் கிராமச் சங்கத்திலேயே காசு கொடுக்கும் பழக்கத்தை வைத்தார்கள். கையிலே காசு, வாயிலே தோசை என்பதில் உள்ள நியாயம் இதுதான். ஏழையின் வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து வரும் பத்து ரூபாயைவிட இன்று வரும் ஒன்பது ரூபாய் பெரிது. வியாபாரியின் பலமும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கொண்டு வந்த பாலைத் திருப்பாதது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். பம்பாய்க்கு அவ்வளவு பால் தேவைப்படாது. வேண்டும்போது வாங்கி, வேண்டாதபோது திருப்பினால் எந்த உறுப்பினர் நிற்பார்? மிஞ்சும் பாலை வெண்ணெயாகவும் பவுடராகவும் ஆக்கினார்கள். எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று நிபுணர்கள் சொல்லி வந்த காலம் அது. எச். எம். தலாயா என்ற தொழில்நுட்ப அறிஞர் அதைச் செய்து காட்டினார். 1955-இல் அதற்கான ஆலை ஆனந்தில் திறக்கப்பட்டது.

தலைவர் வேறு, மானேஜர் வேறு

ஆனந்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். கிராமம் கிராமமாகச் சென்று விவசாயிகளைச் சேர்த்தவர், அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மானேஜர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர். 1949-இல் அரசாங்க வேலைக்காக ஆனந்துக்கு வந்தவரைத் திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டு சங்கத்தில் வைத்துக்கொண்டார்.

விவசாயிகளின் மனம் தலைவருக்குத் தெரியும். ஆலையும் வியாபாரமும் மானேஜருக்குத் தெரியும். எதைச் செய்ய வேண்டும் என்று குழு தீர்மானிக்கும். எப்படிச் செய்வது என்பது மானேஜர் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடவில்லை. இருவருக்கும் 1963-இல் தாரா குரோடியுடன் சேர்த்து மகசாசே விருது கிடைத்தது.

இந்தப் பிரிவினையைச் சட்டமும் சொல்கிறது. உற்பத்தியாளர் கம்பெனியில் டைரக்டர்கள் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முழுநேர மானேஜர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் உறுப்பினர்களில் ஒருவராக இருக்கக் கூடாது. ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. தலைவரின் உறவுக்காரப் பையனை மானேஜராகப் போட்டால் அவன் கணக்கை யார் கேட்பது? வெளியிலிருந்து படித்த இளைஞர் ஒருவரை அமர்த்திவிட்டு, பத்து மூட்டை சாக்கு வாங்குவதற்கும் மூன்று டைரக்டர்கள் கையெழுத்து வேண்டும் என்றால் அவர் எத்தனை நாள் தங்குவார்? மானேஜருக்கு ஒரு தொகை வரை செலவு செய்யும் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதற்குக் கணக்கு வாங்க வேண்டும். அதிகாரம் கொடுக்காமல் கணக்குக் கேட்பதும் தவறு, அதிகாரம் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் இருப்பதும் தவறு.

மக்காச்சோளத்துக்கும் இதே கணக்கு

பாலுக்குச் சரி, தானியத்துக்கு எப்படி என்று கேட்கலாம். மக்காச்சோளத்தை எடுத்துக் கொண்டால் விஷயம் விளங்கும். ஒருவர் களத்தில் நாலு நாள் காயப்போட்டு, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வந்த சரக்கைக் கொண்டு வருகிறார். இன்னொருவர் அறுவடையான மறுநாளே 25 சதவீத ஈரத்தோடு கொண்டு வருகிறார். கம்பெனி இருவருக்கும் ஒரே விலை போடுகிறது.

ஈரச் சரக்கில் 100 கிலோவுக்கு 25 கிலோ தண்ணீர், 75 கிலோதான் உண்மைச் சரக்கு. அது 14 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் எடை சுமார் 87 கிலோ ஆகிவிடும். அதாவது கம்பெனி குவிண்டாலுக்கு 13 கிலோ தண்ணீருக்கு விலை கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் யாருடையது? வெயிலில் நின்று காயவைத்தவருடைய பணமும் அதில் இருக்கிறது. அடுத்த பருவத்தில் அவரும் காயவைக்க மாட்டார். அதோடு ஈரச் சரக்கு கிடங்கில் பூஞ்சணம் பிடித்துக் கோழித் தீவன ஆலையால் திருப்பி அனுப்பப்பட்டால் மொத்தக் கம்பெனிக்கும் கெட்ட பெயர்.

எனவே ஈரமானி ஒன்றும், முத்திரை போட்ட மின்னணுத் தராசு ஒன்றும் கம்பெனி வாங்க வேண்டிய முதல் சாமான்கள். பெயர்ப் பலகையும் சுழல் நாற்காலியும் பிறகு வாங்கிக் கொள்ளலாம். எத்தனை சதவீத ஈரத்துக்கு என்ன விலை என்ற பட்டியலைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். எடை, ஈரம், சாக்குக் கழிவு, விலை, பணம் வரும் தேதி ஆகிய ஐந்தும் உறுப்பினருக்குக் கொடுக்கும் சீட்டில் இருக்க வேண்டும். டைரக்டரின் சரக்கானாலும் கடைசி உறுப்பினரின் சரக்கானாலும் அதே தராசு, அதே பட்டியல். மண்டியில் துண்டைப் போட்டு மறைத்து விரலைப் பிடித்து விலை பேசியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சீட்டைவிடப் பெரிய ஊக்கம் வேறு எதுவும் தேவைப்படாது.

ஆட்கள் சரியில்லையா?

விவசாயிகள் திருந்தினால்தான் கம்பெனி உருப்படும் என்பவர்கள் ஒரு வெளிநாட்டு அனுபவத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். சண்டையும் சச்சரவும் மலிந்து, காரின் தரம் கெட்டு, 1982-இல் மூடிவிட்டார்கள். ஆட்கள் மோசம் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

1984-இல் ஜப்பானின் டொயோட்டா கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. சங்கமும் பழைய சங்கமே. நிர்வாக முறை மட்டும் மாறியது. குறை கண்ட தொழிலாளி தலைக்கு மேல் உள்ள கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்று வைத்தார்கள். கயிற்றை இழுத்தவரை யாரும் திட்டவில்லை. மேற்பார்வையாளர் ஓடிவந்து, என்ன குறை, எங்கே பிறந்தது என்று கேட்டுச் சரி செய்ய உதவினார். விற்பனை மந்தமான காலத்தில் ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சி கொடுத்தார்கள். வராதவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கார்களின் தரம் ஜப்பானில் செய்ததற்கு ஈடாக வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் விலகியபின் 2010-இல் அந்தக் கூட்டு ஆலை மூடப்பட்டதென்றாலும், அதே ஆட்களால் நல்ல வேலை செய்ய முடியும் என்பது அதற்குள் நிரூபணம் ஆகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளில் இந்த முறை எளிதில் பரவாததற்கும் காரணம் உண்டு. கயிற்றைக் கட்டிவிடலாம், இழுத்தவரைக் கோபிக்கும் பழக்கத்தை விடுவதுதான் கடினம்.

கம்பெனிக் கிடங்கிலும் இதுவே நடக்கிறது. கூரை ஒழுகுவதும், மூட்டையில் வண்டு விழுந்ததும் முதலில் தெரிவது கிடங்கு வேலையாளுக்கு. சொன்னால் "நீ என்ன பார்த்துக் கொண்டிருந்தாய்?" என்று திட்டு விழும் என்றால் அவர் சொல்ல மாட்டார். பத்து மூட்டையோடு போக வேண்டியது நூறு மூட்டையாகும். குறையை முதலில் சொன்னவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் காசு செலவில்லாதது. சொந்த வயலிலும் இது பொருந்தும். நாற்றில் பூச்சி விழுந்திருப்பதைக் களை எடுக்கும் பெண்கள்தாம் பெரும்பாலும் முதலில் காண்கிறார்கள். அவர்கள் சொல்லைக் காதில் வாங்குகிற வீட்டுக்கு மருந்துச் செலவு குறையும்.

வியாபாரியிடமும் கற்கலாம்

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில உறுப்பினர்கள் வியாபாரியிடம்தான் விற்பார்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விதைப்பின்போது முன்பணம் தந்தவர் அவர். இரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கதவைத் தட்டினால் திறப்பவரும் அவரே. அந்தக் கடனுக்கு விலையில் கழித்துக் கொள்கிறார் என்பது விவசாயிக்குத் தெரியாததல்ல. அவசரத்துக்கு வேறு கதவு இல்லை என்பதுதான் விஷயம். இவரைத் துரோகி என்று கூட்டத்தில் பேசுவதால் பயனில்லை.

கம்பெனியால் ஒரே நாளில் வியாபாரியின் இடத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் விதையும் உரமும் கடனாகக் கொடுத்து அறுவடையில் கழித்துக் கொள்ளலாம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற உறுப்பினருக்குக் காகிதங்களைத் தயார் செய்து உதவலாம். முதல் ஆண்டில் முழு விளைச்சலையும் கேட்காமல் பாதியைக் கேட்கலாம். இரண்டு சீட்டையும் உறுப்பினரே ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்வார்.

உறுப்பினரும் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட வேண்டும். மானேஜருக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 3 லட்சம். குவிண்டாலுக்கு 30 ரூபாய் கம்பெனிக்கு மிஞ்சுகிறது என்றால் இந்த ஒரு செலவுக்கே 10,000 குவிண்டால் கையாள வேண்டும். முந்நூறு உறுப்பினருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 33 குவிண்டாலுக்கு மேல் வருகிறது. நூறு பேர் மட்டும் சரக்குக் கொடுத்து இருநூறு பேர் வேடிக்கை பார்த்தால் அந்த நூறு பேர் தலையில் 100 குவிண்டால் விழும். அது நடக்கிற காரியமா? பங்குப் பணம் கட்டியதோடு உறுப்பினர் வேலை முடியவில்லை என்பது இதனால் விளங்கும்.

வியாபாரி ஒருநாள் கூட்டிக் கொடுக்கும் ஒரு ரூபாயைப் பார்ப்பதோடு ஆண்டு முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். விற்ற விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் பின்னர் கொடுக்கவும், அவரவர் கொடுத்த சரக்கின் அளவுக்கு ஏற்ப போனஸ் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த போனஸ் கணக்கு ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதப்பட்டிருந்தால்தான் நம்பிக்கை வரும். பிறகு பார்க்கலாம் என்ற வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை.

பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டியவை

தனி விவசாயிகள் உறுப்பினராக உள்ள கம்பெனியில் ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். பொதுக்கூட்டம் செல்லுபடியாக நாலில் ஒரு பங்கு உறுப்பினராவது வர வேண்டும். முந்நூறு பேர் உள்ள கம்பெனியில் 75 பேர். வீட்டுக்கு வந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கம்பெனியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நேரில் போய் நாலு கேள்விகள் கேட்டால் போதும்.

மானியம் நீங்கலாக, வியாபாரத்தில் மட்டும் லாபமா நஷ்டமா? உறுப்பினர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு சரக்குக் கொடுத்தார்கள், அல்லது உரம் வாங்கினார்கள்? சரக்குப் போட்டபின் பணம் கைக்கு வரச் சராசரியாக எத்தனை நாளாயிற்று? டைரக்டர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு சரக்கைக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். தன் சரக்கை மண்டிக்கு அனுப்பிவிட்டு மேடையில் ஒற்றுமை பேசுகிற டைரக்டரை உறுப்பினர்கள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். முதல் கேள்வியும் அதற்குச் சளைத்ததல்ல. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மானியத்தை வார்த்துச் செலவு செய்த கம்பெனி, நெய் தீர்ந்த நாளில் நின்றுவிடும்.

நாலு கேள்விக்கும் மானேஜர் அங்கேயே எண்ணைச் சொன்னால் அந்தக் கம்பெனியை நம்பிச் சரக்கைப் போடலாம். பார்த்துச் சொல்கிறேன் என்றால் ஒரு மாதத் தவணை கொடுக்கலாம். கேட்டவரையே கோபித்துக் கொண்டால் அடுத்த தேர்தலில் டைரக்டர்களை மாற்றும் ஓட்டு உறுப்பினர் கையில் இருக்கிறது.

உழக்கு மிஞ்சுமா மிஞ்சாதா என்பது விலையையும் மழையையும் பொறுத்தது. எங்கே ஒழுகுகிறது என்பது கணக்குப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தால்தான் அடைக்கலாம். முந்நூறு பேர் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் அந்த வேலையை மானேஜர் ஒருவரிடம் மட்டும் விட்டுவிடாமல், அறுவடை முடிந்த கையோடு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சீட்டுகளை எடுத்துக்கொண்டு பொதுக்கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.